இருபத்தொன்று

பலகை தெரிஞ்சா போன் போடு.
ஜக்கரியா பாயின் கணக்கு அவ்வளவுதான்.
கடலூர் முதுநகரில் இந்தக் கடை
முப்பது வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது:
ஆயில் சீல், ஃபேன் பெல்ட், வாஷர்,
போட்டு இன்ஜினுக்குக் கடல்தண்ணி இழுக்கும்
பம்பின் ரப்பர் இம்பெல்லர்.

பலகை தெரியும்போது
அஞ்சு நாள் லேட் பாய், என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பதில் சொல்லப் பிடிக்காதபோது துடைப்பார்.

பாரிமுனைக்காரர் போனில் எப்போதும் சொல்வது
'நாளைக்கு'.
அந்த நாளைக்கைப் பிரித்துப் பார்த்தேன்.
அவர் குடோனில் தேட ஒரு நாள்,
பில் போடும் பையன் வர ஒரு நாள்,
பார்சல் ஆபீசில் சும்மா கிடக்க ஒரு நாள்,
லாரிக்கு ஒரு ராத்திரி,
இங்கே வந்திறங்கியும்
டிரைசைக்கிள் கிடைக்காமல் இன்னொன்று.
ஐந்து.

ஒரு நாளைக்குச் சராசரி மூன்று விற்கிறது.
ஐந்து மூன்று பதினைந்து.
லாரி கவிழ, மழை பிடிக்க,
பாரிமுனைக்காரர் மகளுக்குக் கல்யாணம் வைக்க
ஆறு.
மொத்தம் இருபத்தொன்று.
யாரோ கொடுத்த சிவப்புக் கல்யாணப் பத்திரிகையின் முதுகில்
ஸ்கெட்ச் பேனாவால் எழுதி
பின்னாலிருந்து எண்ணி
இருபத்தோராவது டப்பாவுக்கு முன்னால் செருகினேன்.
பி.காம். படித்ததற்கு
அன்றைக்குத்தான் சம்பளம் வாங்கியது போலிருந்தது.

ஆனால் சராசரி என்பது யாரும் வராத நாள்.
நோட்டைப் புரட்டினால்
சரியாக மூன்று விற்ற தேதி நாலோ அஞ்சோ.
தடைக்காலத்தில், படகெல்லாம்
உப்பனாற்றங்கரையில் பெயின்ட் அடித்துக்கொள்ள,
நாங்கள் ஈ ஓட்டினோம்.
தடை முடியும் வாரம்
ஊரே ஒரே நாளில் பம்பைத் திறந்து பார்த்தது.
பதினொன்று. பதினாலு. மறுபடி பதினொன்று.
முதல் நாள் மத்தியானமே பத்திரிகை வெளியே வந்தது.
போன் போட்டேன்.
'நாளைக்கு.'

ஆறு டப்பா மிச்சமிருக்கும்போது
சிங்காரத்தோப்பு பச்சைநாதன் வந்தார்.
நான் ரேக்கைப் பார்த்தேன்.
அந்த ஆறு ஆபத்துக்கு.
எடுத்தால் என் கணக்கு உடையும்.
இல்லைங்க, என்றேன்.
நல்ல தெளிவான குரலில்தான் சொன்னேன்.

நாலாம் நாள் காலை
பாரிமுனைச் சரக்கு வந்திறங்கிய அதே நேரம்
மேஜையில் ஒரு ரப்பர்த் துண்டை வைத்தார்.
ஆறு இதழில் இரண்டுதான் ஒட்டியிருந்தது.
பழசையே திருப்பி மாட்டிப் போனாராம்.
பன்னிரண்டு பாகத்தில் இன்ஜின் சூடேறி
மச்சான் போட்டு கயிறு கட்டி இழுத்து வந்ததாம்.
ஐஸ், டீசல், மூணு ஆள் கூலி,
மச்சானிடம் பட்ட கடன்.
'ஒண்ணு குடும்மா' என்று மட்டும் கேட்டார்.

புதுப் பெட்டியைப் பிரிக்கவில்லை.
ரேக்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன்.
ஆறும் அங்கே அப்படியே இருந்தன,
எந்த ஆபத்துக்காக வைத்தேனோ
அந்த ஆபத்து வந்துபோன பிறகும்
பத்திரமாக.

கோடு, விற்காதே என்று சொல்லவில்லை.
போனை எடு என்று மட்டுமே சொன்னது.
அதற்குக் கீழே இருப்பதெல்லாம்
கொடுக்கத்தான் இருக்கிறது.
இது பி.காமில் இருந்திருக்கும்.
நான் அன்றைக்கு லீவு போட்டிருப்பேன்.

இப்போது எனக்கு இரண்டு பத்திரிகை.
வருஷம் முழுக்க இருபத்தொன்று.
வைகாசி பிறந்ததும் அதை எடுத்துவிட்டு
ஐந்து பதினொன்று ஐம்பத்தைந்து, ஆறு,
அறுபத்தொன்று.
தடைக்காலமும் அறுபத்தொரு நாள்தானே, என்கிறார் பாய்.
அது தற்செயல் பாய்.
'பலகையே தெரியலயே இப்பல்லாம்'
என்று கண்ணாடியைத் துடைக்கிறார்.

ரப்பர்த் துண்டு ரேக்கில்தான் இருக்கிறது.
ஸ்டாக் எடுக்கும்போது அதை எண்ணுவதில்லை.
இன்று காலை பச்சைநாதன் இரண்டு வாங்கினார்,
ஒன்று மாட்ட, ஒன்று படகில் வைக்க.
பத்திரிகை வெளியே வந்தது.
போன் போட்டேன்.
'நாளைக்கு' என்றார் பாரிமுனைக்காரர்.
சரிங்க, என்று சொல்லி
நோட்டில் ஐந்து என்று எழுதினேன்.